ஓரத்தில் ஒரு துளை

ஷவர் தலையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதித் துளைகள் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, ஈரம் காய்ந்தபின் போக இடமில்லாமல் துளையின் விளிம்பிலேயே தங்கிவிடுகிறது. மேலே மேலே படிந்து கல்லாகிறது. துளை பாதி அடைத்தால் தண்ணீர் நேராக விழாது, பக்கவாட்டில் பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சியது கண்ணில் பட்டுத்தான் மாமியார் சட்டென்று முகத்தைத் திருப்பினார், வழுக்கினார், இடுப்பு எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு குளியலறைப் பக்கமே வருவதில்லை. ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி.

இன்று காலை, குளிக்க வாங்க என்று இவள் கேட்டுக் கேட்டு, "சரி, சாயங்காலம் பார்க்கலாம்" என்றிருந்தார்.

வேலை முடிந்து வந்த அலுப்போடு வீட்டில் இருந்த வினிகரையெல்லாம் கிண்ணத்தில் ஊற்றி, ஷவர் தலையைக் கவிழ்த்து வைத்தாள். ஊசிமுனை அளவில் குமிழிகள் எழுந்தன. புளிப்பு சுண்ணாம்பைத் தின்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவசரப்படுத்த முடியாது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

புஸ்ஸென்ற சத்தத்தில் விழித்தாள். கணவன் கையில் சமையல் சோடா டப்பா. கிண்ணம் பொங்கி வழிந்தது.

"பாத்தியா, எப்படி வேலை செய்யுது!"

"அய்யோ, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்கிட்டு செத்துப்போச்சுங்க. நுரை அடங்கினா வெறும் உப்புத் தண்ணிதான்."

"உனக்கு உதவியா இருக்குமேன்னு..."

"கழட்டுங்க கழட்டுங்கன்னு அத்தை விழறதுக்கு முன்னாடியே தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அப்ப வரல இந்த உதவி."

அவன் சமையலறைக்குப் போனான். ஃப்ரிட்ஜில் அரை எலுமிச்சம்பழம் இருந்தது. எடுத்து வந்து துளைகளின் மேல் பிழிந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தான்.

"உடனே தேய்க்காதீங்க. ஊறட்டும்."

இருவரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"என்னடா, கோயில் கட்டுறீங்களா உள்ள?" என்றது வெளியிலிருந்து அவன் அம்மாவின் குரல். "நான் படுத்துக்கறேன் போ."

"இதோ ஆச்சும்மா!"

மாட்டித் திறந்தார்கள். தண்ணீர் நேராக விழுந்தது. ஓரத்தில் ஒரு துளை மட்டும் இன்னும் சாய்வாகப் பீய்ச்சியது. வாக்கரைப் பிடித்தபடி வாசலில் நின்ற அம்மாவின் கண் அதிலேயே இருந்தது.

அவன் உள்ளே போய் அந்தப் பீய்ச்சலுக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"சட்டை நனையுதுடா."

"நனையட்டும்."

மருமகள் பின்னாலிருந்து மாமியாரின் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். அம்மா ஒரு கையை வாக்கரிலிருந்து எடுத்து, மெல்லத் தண்ணீருக்கு நீட்டினார்.