சிங்கப்பூர்ச் சாட்சி

வட்டுக்கோட்டைக்குக் கிட்ட உள்ள அந்த ஊரில் பஞ்சலிங்கம் என்ற பெயரில் வேறு ஆட்களும் இருந்தார்கள். சிங்கப்பூர்ச் சாட்சி என்றால் அவர் ஒருவர்தான்.

மலாயாவில் ஒரு றப்பர்த் தோட்ட ஆசுபத்திரியில் மருந்து கட்டுகிற வேலை பார்த்தவர். யப்பான்காரன் வந்தபோது தோட்டத்துச் சனங்களோடு அவரையும் சயாமுக்கு றெயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அங்கே வாந்திபேதியில் எழும்ப ஏலாமல் கிடந்த ஒரு தொழிலாளியை ஒரு யப்பானியக் காவலன் மூங்கிலால் அடித்தே கொன்றதை அவர் கண்ணால் கண்டார். யுத்தம் முடிந்து சிங்கப்பூரில் விசாரணை வைத்தபோது போய்ச் சாட்சி சொன்னார். விடியப்புறப் பனிப்புகாரில் முகம் எப்படித் தெரிந்தது என்று அங்கே கேட்டார்களாம். அடித்துக் கொல்கிறவனின் முகம் எந்தப் பனிப்புகாரிலும் தெரியும் என்று சொல்லி, கூண்டில் நின்றவனைக் கை நீட்டிக் காட்டினாராம். அவனைத் தூக்கில் போட்டார்கள்.

பென்சனோடு ஊர் திரும்பிய பிறகு கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் அவரை இருத்தி வைத்து இந்தக் கதையைக் கேட்பார்கள். அவரும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார்.

அறுபத்திநாலாம் ஆண்டு ஆவணியில், முந்தின மாரி பொய்த்ததால் பனங்காணிப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர்த்துப் போயின. அந்தப் பக்கம் இருந்தவர்கள் பனையேறிப் பிழைக்கிற குடும்பங்கள். கோயில் வெளிக்கிணற்றில் தண்ணீர் நல்ல தண்ணீர். அவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். ஒரு காலை முத்துக்குமாரு என்பவன் நின்று பார்த்துச் சலித்து, தானே துலாவைப் பிடித்துத் தண்ணீர் அள்ளினான். மனைவி தங்கமுத்து பக்கத்தில் நின்றாள். கோயிலடியில் நின்ற மூன்று பேர் கொட்டன் தடிகளோடு ஓடி வந்தார்கள். கிணற்றுக்கட்டோடு சேர்த்து வைத்து அடித்தார்கள். முத்துக்குமாரு அன்று மத்தியானம் ஆசுபத்திரியில் செத்துப்போனான்.

பஞ்சலிங்கத்தாரின் வீடு கிணற்றுக்கு நேரெதிர். சத்தம் கேட்டு வாசல் படலைக்கு வந்தவர் எல்லாவற்றையும் பார்த்தார். முன்னுக்கு நின்று அடித்தவன் அருளம்பலம். அவருடைய அண்ணன் தம்பிஐயாவின் மகன்.

பொலிஸ் வந்தபோது அவர் யோசிக்கவே இல்லை. கண்டதைச் சொன்னார், பெயரையும் சொன்னார். இன்ஸ்பெக்டர் மரியாதையாகக் கேட்டபடியால் சிங்கப்பூரில் சாட்சி சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். அதுவும் எழுதப்பட்டது.

அதன்பிறகுதான் சாட்சியை மாற்றச் சொல்லி வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகள் பாலேஸ்வரிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சக் காலம் பொறுப்போம் என்றார்கள். துணி வெளுக்கிற கட்டாடி உடுப்பு எடுக்க வரவில்லை. அவர் வந்தால் கோயிலில் பேச்சு நின்றது. இதையெல்லாம் தாங்கலாம் என்றுதான் இருந்தார். கடைசியாகத் தம்பிஐயா வந்தார். தகப்பன் இறந்தபின் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன். வந்தவர் ஏசவில்லை, கெஞ்சவும் இல்லை. வாங்குப் பலகையில் இருந்து நெடுநேரம் வெற்றிலை மென்றார்.

"உன்ரை வாயாலை என்ரை பெடியன் தூக்கிலை தொங்கப் போறான்" என்றார். "நான் அதைப் பாத்துக்கொண்டு இருக்க வேணுமோ?"

தம்பிஐயா எழும்பிப் போனார். போகும்போது செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு போனதைப் பஞ்சலிங்கத்தாரின் மனைவி நாகேஸ்வரி கண்டு, ஓடிப்போய்க் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்தில் சுப்ரீம் கோடு கூடியபோது வழக்கு எடுபட்டது. தங்கமுத்து நேராக நின்று மூன்று பேரையும் காட்டினாள். புருஷனைப் பறிகொடுத்தவள், ஊரோடு கோபம், யாரையும் காட்டுவாள் என்று எதிரிகளுக்காக வாதாடிய அப்புக்காத்து, தீர்ப்புச் சொல்ல இருந்த யூரிமாரைப் பார்த்துச் சொன்னார். மிச்சம் எல்லாம் பஞ்சலிங்கத்தாரின் கையில் இருந்தது.

அவர் கூண்டில் ஏறி, அடித்தவர்களைத் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார். பொலிஸில் பெயர் சொன்னது பதற்றத்தில் என்றார். அரசாங்கத்து அப்புக்காத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இங்கிலிசில் கேட்கத் தொடங்கினார். பஞ்சலிங்கத்தாருக்கு இங்கிலிஸ் நன்றாக விளங்கும். ஆனாலும் கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருந்தார்.

அந்தக் காலை வெயில் நேரமா என்று கேட்டார். ஓம் என்றார். அருளம்பலத்தைப் பிறந்த நாள் முதல் தெரியுமா என்று கேட்டார். அதற்கும் ஓம்தான். பிறகு அப்புக்காத்து பொலிஸ் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார்.

"சிங்கப்பூரில் ஒரு வேற்று நாட்டு ஆளைப் பனிப்புகாருக்குள் கண்ட முகம் என்று அடையாளம் காட்டினீர். அந்த ஆள் தூக்கிலிடப்பட்டார். உம்முடைய அண்ணன் மகனின் முகம் மட்டும் வெயிலில் தெரியவில்லையா?"

முதலியார் மொழிபெயர்த்து முடித்தார். எதிரிக் கூண்டில் அருளம்பலம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பின்வரிசை வாங்கில் தம்பிஐயா கண்ணை மூடியிருந்தார்.

"சிங்கப்பூரிலை அண்டைக்கும் எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றார் பஞ்சலிங்கத்தார்.

நீதிபதி பேனையை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். சொன்னதன் பொருள் விளங்கித்தான் சொன்னீரா என்று கேட்டார். விளங்கித்தான் சொன்னேன் என்றார். யூரிமார் உள்ளே போய்க் கெதியாகவே திரும்பி வந்தார்கள். மூன்று பேரையும் விட்டார்கள்.

வீட்டில் நாகேஸ்வரி சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"சிங்கப்பூரிலை சொன்னது பொய்யோ?" என்று கேட்டாள்.

"இல்லை. அவன்தான் அடிச்சவன். நான் கண்டனான்."

"அப்ப அதை ஏன் பொய்யெண்டு சொன்னனீங்கள்?"

அவர் சாப்பிடாமல் கையைக் கழுவினார். இரண்டு பொய்யில் எது தன்னை இப்படி எரிக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணன் மகனைக் காப்பாற்றியதற்காவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ளலாம். சயாமில் செத்த மனிதனுக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அவர்தான். அவனையும் இன்று விற்றுவிட்டார்.

தம்பிஐயா வீட்டில் பெரிய சாப்பாடு நடந்தது. அவரைத் தலைவாழை இலைக்கு முன்னால் இருத்தினார்கள். அருளம்பலம் பாயசம் வார்க்க வந்து, எல்லோருக்கும் கேட்கச் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"பாவம் அந்த யப்பான்காரன். சின்னையா ஆளை மாறிக் காட்டிப்போட்டார்."

இருந்தவர்கள் சிரித்தார்கள். பாலேஸ்வரியின் மாப்பிள்ளை வீட்டாரும் அங்கே இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். அவர் இலையை மூடினார்.

மாரி தொடங்கும் முன் தங்கமுத்து ஊரைவிட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டார். அவளுடைய சகோதரம் கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி பிடித்திருந்தது. அவர் அதுவரை பனங்காணிப் பக்கம் கால் வைத்ததில்லை. அன்று நடந்து போனார். வாசலில் மாட்டு வண்டிலில் பாயும் பானைகளும் ஏற்றியிருந்தது. தங்கமுத்து கயிறு இறுக்கிக்கொண்டு நின்றாள். அவரைக் கண்டதும் அவள் வழக்கப்படி தலைச்சீலையை எடுக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை.

தான் அன்று கண்டது உண்மை என்று அவர் சொன்னார். கோட்டில் சொல்ல முடியாமல் போனது என்றார்.

"நீங்கள் கண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்கள் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை நானும் கண்டனான். ஒரு சத்தம் போட்டிருந்தால் காணும், விட்டிருப்பாங்கள். உங்கடை பெடியள்தானே. அதை ஒருத்தரும் கோட்டிலை கேக்கேல்லை."

அவள் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது.

"வண்டில் திருப்ப வேணும்" என்றாள். "உதிலை நிக்காமல் கொஞ்சம் விலத்துங்கோ."

அவர் வேலியோடு ஒட்டி நின்றார். வண்டில் திரும்பி ஒழுங்கையால் போனது.