நான்காவது சீட்டு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகத் தோன்றியதல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெண்கள் பூசும் ஒரு வாசனைத் திரவியத்தைப் பற்றி, அதைப் பூசிப் பார்த்தவர்கள் எழுதிய கருத்துகளை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். பச்சையும் மரமும் கலந்த வாசம் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். பூசியவர்கள் அப்படி ஒரே குரலில் சொல்லவில்லை. ஒருத்திக்கு அது வெட்டிய புல். இன்னொருத்திக்குப் பென்சில் சீவிய தூள். மூன்றாவது பெண், 'பூட்டிக் கிடந்த வீட்டை யாரோ திறந்த மாதிரி இருக்கிறது, வாங்காதீர்கள்' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழேயே வேறொருத்தி, 'நானும் அந்த வீட்டைப் பார்த்தேன், எனக்குப் பிடித்திருந்தது' என்று எழுதியிருந்தாள். அந்த இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. கதை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு வாங்கப் போறீங்க?"

"யாருக்கும் இல்ல. கதை எழுதப் போறேன்."

"அடுப்புல பால் தீயுறதே உங்களுக்குத் தெரியல. இதுல சென்ட்டைப் பத்திக் கதையா?"

(இந்தப் பேச்சை வெட்டிவிட நினைத்தேன். இருக்கட்டும்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'குப்பியைத் திறந்ததும் அறைக்குள் ஒரு காடே வந்து...' வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

'வாசனைக்கு ஞாபகசக்தி உண்டு.' இது தத்துவம். தத்துவம் வந்தால் வாசகர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார், திரும்பி வரமாட்டார்.

'அவளுக்கு மூக்கு செத்து ஒரு வருடமாகிறது. அது யாருக்கும் தெரியாது.' இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அவள் வாசனைத் திரவியம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சீட்டுகளைத் தொகுப்பவள். வேலை செய்யும் இடத்தில் அவளைச் சீட்டக்கா என்பார்கள். புதிதாக ஒரு கலவை தயாரானால், சின்னக் குப்பிகளில் அடைத்து ஏழு பெண்களிடம் கொடுப்பாள். அவர்கள் ஒரு நாள் முழுக்கப் பூசிக்கொண்டு நடமாடிவிட்டு, தோன்றியதைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். சீட்டு வந்து சேரும் வரிசைப்படி எண் போடுவாள். ஏழையும் பிழிந்து நாலு வரியாக்குவாள். அட்டைப்பெட்டியின் பின்புறம் நீங்கள் படிக்கிறீர்களே, அது அவள் எழுதுவதுதான்.

ஒவ்வொரு முறையும் அவள் மேசைக்கு இரண்டு தட்டுகள் வரும். ஒன்றில் கலவை. மற்றொன்றில் வெற்றுக் குப்பிகள், அதாவது வெறும் ஸ்பிரிட்டும் தண்ணீரும். ஒன்றுமில்லாததைக் கொடுத்தால் எத்தனை பேர் எதையாவது சொல்கிறார்கள் என்று பார்க்க, அதைப் பிறகு வேறு சிலருக்குக் கொடுப்பார்கள். இரண்டும் ஒரே நிறம், ஒரே மூடி. அடியில் ஒட்டிய எண் மட்டும் வேறு. தட்டு மாறிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பழக்கம் உண்டு. கொடுப்பதற்கு முன் காகிதப் பட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து பார்க்கவேண்டும்.

அவளும் முகர்ந்தாள். பட்டையை மூக்கருகே ஆட்டி, கண்ணை மூடி, "ம்..." என்று தலையசைப்பாள். போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு அந்த "ம்"முக்குப் பின்னால் எதுவுமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல ஒரு வருடமாக அதை மறைத்துவந்தாள். சீட்டுகளில் சொற்கள் இருந்ததால் மூக்கில்லாமலேயே வேலை ஓடியது. தெரிந்துவிட்டால் மறுநாள் அந்த நாற்காலி அவளுக்கில்லை. அந்த நாற்காலியை நம்பி வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், அவளும் தங்கையும்.*

* அப்பா அம்மா எங்கே என்று கேட்காதீர்கள். கொண்டுவந்தால் அவர்களுக்கும் வசனம் எழுதவேண்டும்.

3

இந்த முறை ஏழாவது பெண் வராததால், தங்கைக்கே ஒரு குப்பியைக் கொடுத்தாள். மற்ற ஆறு சீட்டுகளும் மூன்று நாளில் வந்து சேர்ந்தன.

முதல் சீட்டு, வரவேற்பறைப் பெண்: 'வெட்டிய புல். இரும்புக் கேட்டைத் திறந்து நிற்பதுபோல.'

இரண்டாவது, தையல்காரி: 'செடிக் காம்பை உடைத்தால் வரும் கசப்பு. விரலில் ஒட்டுகிறது.'

மூன்றாவது, பேருந்து ஓட்டுநர்: 'பாசிச் சுவர். இடது பக்கம்.'

நான்காவது, பல் மருத்துவரின் உதவியாளர்: '                    ' [பிறகு எழுதவேண்டும். ஏதாவது மரம்.]

ஐந்தாவது, ஓவிய ஆசிரியை: 'இழைத்த பலகை. கனமான கதவு.'

ஆறாவது, முடி திருத்தும் பெண்: 'நீளமான நடை. வழியெல்லாம் அலமாரி வாசம்.'

சீட்டு கொடுக்க வந்த இடத்தில் தையல்காரிக்கும் ஓட்டுநருக்கும் சண்டை வந்துவிட்டது.

"சுவரா? இதுல எங்கடி சுவரு? கசப்புதான் வருது."

"நீ ஊசிய வாயில வெச்சுக்கிட்டே மோந்திருப்ப. கண்ண மூடினா எனக்கு இடது தோள்ல உரசுது."

"சென்ட்டுக்கு இடது வலது எல்லாம் உண்டா?"

"எனக்கு உண்டு. வண்டி ஓட்டுறவ நான்."

சீட்டக்காவும் சேர்ந்து சிரித்தாள். தட்டச்சு செய்ய உட்கார்ந்து, சீட்டுகளை எண் வரிசையில் அடுக்கியபோதுதான் சிரிப்பு நின்றது. கேட், புல், செடி, சுவர், கதவு, நடை. மூக்குள்ளவர்களுக்கு இது உடனே தெரிந்திருக்காது. அவர்கள் வாசத்தைத் தேடியிருப்பார்கள். அவளுக்குச் சொற்கள் மட்டும்தானே. ஆறு பேரும் ஒரே வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி விட்ட இடத்திலிருந்து அடுத்தவள் காலெடுத்து வைத்திருந்தாள். யாரும் திரும்பி வந்ததாக எழுதவில்லை.

இனி ஏழாவது சீட்டுதான் பாக்கி.

4

தங்கை பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் எழுதிய படியில் அவள் வெறும் தோழி. தோழிக்காக ஒருத்தி எவ்வளவு தூரம் போவாள் என்று யோசிக்கவேண்டி வந்தது. தங்கை என்றால் அந்த யோசனையே வேண்டாம் என்று மாற்றிவிட்டேன். அதற்காக இப்போது வருத்தப்படுகிறேன்.

அவள் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவள். வாயாடி. இரண்டு சொல் போதும் என்ற இடத்தில் இருபது சொல்வாள். ஒரு நாள் பூசவேண்டியதை அவள் மூன்று நாள் பூசினாள். மூன்று நாளில் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் காலை, இன்றைக்குக் கடைக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டு, அக்காவின் கைப்பையில் தன் சீட்டைத் தானே வைத்துவிட்டாள். அக்கா அதை மேசையில் பிரித்தாள்.

'காலை: ஒன்றும் தெரியவில்லை. பகல்: பச்சை. மாலை: உள்ளே வந்துவிட்டேன். அறை சின்னது. நாற்காலி சூடாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள்.'

அவள் அதை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது கலவைக்காரர் ஒரு தட்டோடு வந்தார். திரவியங்களைக் கலப்பவர், அதிகம் பேசாதவர்.

"ஏம்மா, என் குப்பி ஏழும் திறக்காம அப்படியே இருக்கு. நீ எதைக் குடுத்த?"

அவள் எழுந்து நின்றாள்.

"மோந்து பார்த்தியா இல்லியா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்துட்டா வெறும் ஸ்பிரிட்டைக் குடுத்த?"

அவர் சிறிது நேரம் அவள் மூக்கையே பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று போய்விட்டார்.

வாசகர் இதுவரை, இது யானையைத் தடவிய குருடர்கள் கதைதானே என்று நினைத்திருக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கதையில் யானை என்று ஒன்று இருந்தது.

5

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, தங்கை நாற்காலியைத் துணி அலமாரிக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"ஏய், அந்தக் குப்பியில ஒண்ணுமே இல்லியாம்டி. வெறும் ஸ்பிரிட்டாம்."

"அப்படியா?" என்றாள் தங்கை, வேறெங்கிருந்தோ. "அப்ப இந்தக் கதவு?"

"எந்தக் கதவு?"

"நான் வரும்போது திறந்துதான் இருந்துச்சு."

அக்கா அவள் முன்னால் மண்டியிட்டாள். அப்போதுதான் பாதங்களைப் பார்த்தாள். நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே போகாத கால்கள். விரலிடுக்கில் ஈரம். ஈரத்தில் வெட்டுப்பட்ட புல், நாலைந்து இழை.

"அக்கா, வாசம் பிடிச்சுக்கிட்டே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. எனக்குத் திரும்பற வழி தெரியல. திரும்பினா எந்த வாசமும் இல்ல."

ஒரு வருடமாகச் சொல்லாததை அக்கா சொன்னாள். வேலை போவது உறுதியான பிறகும் அது நாக்கில் எளிதாக வரவில்லை.

"எனக்கு மூக்கு செத்துப்போச்சுடி. காய்ச்சல் வந்துச்சே, அப்பவே."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அன்னைக்குப் பால் தீஞ்சு வீடே புகையா இருந்துச்சு. நீ பக்கத்துலயே நின்னு பாடிக்கிட்டிருந்த."

"ஏன்டி கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு இருந்தேன்." தங்கையின் குரல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. "அதான் மூணு நாள் பூசினேன். உனக்குப் பதிலா நல்லா மோந்து, நல்லா எழுதித் தரலாம்னு. பார்த்துக்கிட்டே உள்ள வந்துட்டேன்."

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை. தங்கையின் கை சில்லிட்டுக்கொண்டிருந்தது.

6

இந்த இடத்துக்கு முதலில் வேறொரு முடிவு வைத்திருந்தேன். ஒரு டாக்டர் வருவார். சீட்டின் தலைப்பிலேயே 'பச்சை, மர வகை' என்று அச்சடித்திருந்ததால் ஏழு பேரும் கற்பனை செய்துகொண்டார்கள் என்பார். தங்கை சிரித்துவிட்டு எழுந்து கைகழுவப் போவாள். மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"அப்ப கால்ல இருந்த புல்லு?" என்றாள்.

கிழித்துப் போட்டேன். நடந்தது இதுதான்.

அக்கா கைப்பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தாள். முகர முடியாவிட்டால் என்ன, அவளுக்குப் படிக்கத் தெரியும். ஒன்று முதல் ஏழு வரை உள்ளே போகிற வழியென்றால், ஏழிலிருந்து ஒன்றுவரை வெளியே வருகிற வழி.

"நான் படிக்கிறேன். நீ நட. கையை மட்டும் விடாத."

ஏழாவது சீட்டைப் படித்தாள். "நாற்காலியை விட்டு எழுந்திரு."

"எழுந்துட்டேன்." உடம்பு உட்கார்ந்தபடியேதான் இருந்தது.

ஆறாவதைப் படித்தாள். "நீளமான நடை. வழியெல்லாம் அலமாரி வாசம்."

"ஆமா, வருது. கை இடிக்குது."

ஐந்தாவது. "இழைத்த பலகை. கனமான கதவு. தள்ளுடி!"

எதிரே இருந்த துணி அலமாரியின் கதவு, யாரும் தொடாமல், ஒரு விரற்கடை திறந்தது.

"அக்கா! வெளிய வந்துட்டேன்." பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "குளிருது. அடுத்தது சொல்லு, சீக்கிரம்."

அக்கா நான்காவது சீட்டைப் பிரித்தாள். அதில் ஒன்றும் இல்லை. கோடு போட்ட வெற்று இடம். கீழே யாரோ கிறுக்கலாக எழுதியிருந்தார்கள்: 'பிறகு எழுதவேண்டும். ஏதாவது மரம்.' அது பல் மருத்துவரின் உதவியாளருடைய கையெழுத்து அல்ல.

என்னுடையது.

"சொல்லுக்கா."

அவள் தாவி மூன்றாவதைப் படித்தாள். "பாசிச் சுவர். திரும்பி வரதால இப்ப வலது பக்கம் இருக்கணும். இருக்கா?"

"சுவரே இல்ல. நடுவுல நிறைய நிக்குது. மரமான்னு தெரியல. அக்கா, இது என்ன மரம்? என்ன வாசம்னு சொல்லு, நான் அதைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுறேன்."

7

நான் எழுதிப் பார்க்காமல் இல்லை.

'மழை நின்ற பிறகு மரப்பட்டையில்...' என்று எழுதினேன். அக்கா படித்தாள். "இல்லக்கா" என்றாள் தங்கை. 'அன்று அறுத்த கட்டையின்...' "அது இல்ல." 'சந்தனத்துக்கும் பைனுக்கும் நடுவில் ஒரு...' இந்த முறை பதில் வர நேரமாகியது.

எல்லாம் யாரோ எழுதியதிலிருந்து நான் பொறுக்கியவை. என்னிடம் சொந்தமாக ஒன்றுகூட இல்லை. பால் தீய்ந்தது என் வீட்டில். பக்கத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தது நான். எனக்கு மூக்கு போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் கஷ்டத்தைத்தான் அக்காவின் முகத்தில் ஒட்டி அனுப்பினேன். மனைவியிடம் இதுவரை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நானே சொல்வேன் என்று இருக்கிறாளோ என்னவோ.

இந்த வரியை எழுதி நிறுத்திவிட்டு எழுந்து போய், நேற்று அவளிடம் சொன்னேன். முதலில் சொன்னது அவளிடம்தான், உங்களிடம் அல்ல. அவள் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு காகிதங்களை இழுத்து வைத்துப் படித்தாள். "இந்த நாலாவது சீட்டை நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டாள். கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுக்கப் போனாள்.

நான் அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். எழுதுவதென்றால் முகரவேண்டும். முகருவதென்றால் அங்கே போய் நிற்கவேண்டும். அவளை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

உங்களை எனக்குத் தெரியாது. அதனால் கேட்க முடிகிறது.

நான்காவது சீட்டு

காலை: ........................

பகல்: ........................

மாலை: ........................

அக்கா கையை விடவில்லை. நீங்கள் எழுதியதும் படிக்கத் தயாராக இருக்கிறாள். வழி தெரியாதே என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். முதல் மூன்று சீட்டுகளை நீங்கள் அப்போதே படித்தாயிற்று. கேட்டைத் திறந்து, புல்லை மிதித்து, செடிகளைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். இடது தோளைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். சுவர் அங்கேதான் இருக்கிறது.