பிடரியின் நுனி

1
கையைச் சும்மா விட்டால் அது கேட்டைத் திறந்துவிடும் என்ற பயத்தில் தொடங்கிய கதை இது. நான் லாயத்தில் குதிரை லத்தி அள்ளுகிறவன். எழுதப் படிக்கக் கற்றதே பேரன் பிறந்த பிறகுதான். மேய்ச்சல் நிலத்துக் கேட்டருகே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் சாம்பல் குதிரை கால் மாற்றிக் கால் வைத்து நிற்கிறது.

2
முதல் தொடக்கம்: காற்றைக் கிழித்துக்கொண்டு அந்தக் கம்பீரமான

(அடித்துவிட்டேன். அது ஓடிப் பார்த்து மாதக்கணக்காகிறது. கழுத்து தடித்துவிட்டது. குளம்பைத் தொட்டால் சுடுகிறது.)

இரண்டாவது: சர்க்கரைக் கோளாறா என்று ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும், அதுவரை பசும்புல் ஆகாது, புல்லிலுள்ள சர்க்கரை குளம்பைத் தாக்கும் என்றார் டாக்டர். ஊசியைக் கண்டால் குதிரை உதைக்கும். முதலாளியம்மா வேறு வழி கண்டுபிடித்தார். பிடரி முடியைத் தபாலில் அனுப்பினால், அதிலுள்ள தாதுக்களை அளந்து நோயைச் சொல்லிவிடுவார்களாம். (மயிர் என்றுதான் முதலில் எழுதினேன். மனைவி முறைத்தாள்.)

"தோலை ஒட்டி வெட்டணும்னு அவங்க தாள்ல போட்டிருக்கும்மா."

"சொட்டை மாதிரி தெரியும்பா. நுனில எடு."

எடுத்தேன். முழ நீளப் பிடரி முடி. நுனி முளைத்த காலத்தில் குதிரை நன்றாகத்தான் இருந்தது. (அடியில் எடுத்திருந்தாலும் முடிக்கு இதெல்லாம் தெரியுமா என்பது டாக்டரின் சந்தேகம்.)

3
முடிவு வந்தது. நோயே இல்லையாம்.

"சாயங்காலம் வரேன். அதுக்குள்ள மேய விட்டுடு," என்றார் முதலாளியம்மா போனில். குரலில் அவ்வளவு சந்தோஷம். கதைக்கு ஒரு கெட்டவர் கிடைத்தால் எனக்கு வேலை மிச்சம். இவரோ குதிரையின் நெற்றியில் நெற்றியை வைத்துப் பேசுகிறவர்.

4
முடிவு அ: திறக்கிறேன். ஆசை ஆசையாக மேய்கிறது. குளம்புக்குள் நெருப்பு பிடிக்கிறது. படுத்த குதிரை எழவில்லை.

முடிவு ஆ: மாட்டேன் என்கிறேன். வேலை போகிறது, லாயத்து மாடியில் நாங்கள் இருக்கும் அறையும் போகிறது. நாளைக்கு வேறொருவன் திறக்கிறான்.

வைக்கோலை நனைத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ரெண்டும் விடியாத கதை. டாக்டருக்குப் போன் போட்டீங்களா?"

"போட்டேன். அவர் கூப்பிட்டதுக்கு அம்மா போனை எடுக்கலையாம், வண்டி ஓட்டுறாங்க போல. அவரே நேர்ல வந்து பேசுறாராம்."

"அப்ப கதைய முடிச்சிடாதீங்க. எழுதுற வரைக்கும் கேட்டு மூடித்தானே இருக்கும்? நீங்க எழுத்துக் கூட்டுற வேகத்துக்கு அவர் நடந்தே வந்துடுவாரு."

5
வளைவில் ஒரு வண்டிச் சத்தம் கேட்கிறது. டாக்டரா, அம்மாவா, தெரியவில்லை. குதிரை கேட்டின் கொண்டியை உதட்டால் நெம்புகிறது. ஒரு கையால் கொண்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். இதற்குமேல் மெதுவாக எழுத எனக்கு வராது.

நீங்களாவது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்