வெள்ளிக்கிழமைக் கோழி

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரை வரைக்கும் எனக்கு அடுப்பில் எந்தப் பக்கம் விறகு வைப்பது என்பதே தெரியாது. அந்தச் சித்திரையில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்ததில் மலை முழுக்கக் கொழுந்து வெடித்துவிட்டது. பொம்பளைகள் காலையில் ஏறினால் மத்தியானம் கொழுந்து நிறுக்க இறங்கி, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்ப ஏறி, பொழுது சாய்ந்துதான் வீட்டுக்கு வருவார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கொடுத்த வரிசையை முடித்துவிட்டால் பன்னிரண்டு மணிக்கே கத்தியைக் கழுவிவிடலாம். நானும் கழுவிவிட்டு வீட்டு முன் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திக்கொண்டு, பெண்டாட்டி பெற்றீசியா வந்து ஆக்கிப் போடட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன்தான்.

ஒரு நாள் சாயங்காலம் பெற்றீசியா கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள். ஊதுகிற சத்தம் நின்றுபோயிற்று. எட்டிப் பார்த்தால், ஊதுகுழலைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் மத்தியானமே சட்டியைத் தூக்கிவிட்டேன்.

முதல் நாள் சோறு கஞ்சியாயிற்று. இரண்டாம் நாள் அடிப்பிடித்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா வரைக்கும் கருகல் வாடை போனது. மூன்றாம் நாள் தண்ணீர் சரி, ஆனால் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி சடசடவென்று எரிந்து பொசுக்கென்று அணைந்துபோக, நடுவில் அரிசி அரிசியாகவே இருந்தது. எல்லாவற்றையும் அவள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டாள். அடுத்த காம்பராக் காளியாயி அக்காதான் விடவில்லை.

"ஏன்டா செல்லசாமி, நாளையிலேர்ந்து வேலைக்குப் பேர் குடுக்கப் பொம்பளைப் பெரட்டுல வந்து நிக்கப் போறியா?"

"ஆமாக்கா, உன் கூடையைக் குடு, வந்து நிக்கிறேன்" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஆனால் அவளிடம் சண்டைக்குப் போய் ஜெயித்தவன் அந்தத் தோட்டத்தில் இல்லை. ஒரு மாதத்தில் சோறு எனக்குப் படிந்துவிட்டது. பருப்பும் வைப்பேன். கறி மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அதை ஆக்கிப் பழக மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும்?

இந்த நேரத்தில்தான் ஒரு வியாழக்கிழமை ராகலையிலிருந்து கடிதம் வந்தது.

பெற்றீசியாவின் அண்ணன் யேசுரட்ணம் அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர்கள் வேதக்காரர்கள், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். நான் மாரியம்மனுக்குப் பறவைக்காவடி எடுத்தவன். எங்கள் கல்யாணம் அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்துப் போட்டு நடந்தது. அன்றைக்கே அவள் அம்மா, "அந்த வீட்டுல நம்ம ஆளுக யாரும் கை நனைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைப்பது என்றால் அந்த வீட்டை உறவு என்று ஒப்புக்கொள்வது. நனைக்காவிட்டால் உறவு இல்லை, அவ்வளவுதான். கல்யாணமான ஆறாம் மாதம் அவளுடைய தாய்மாமன் ஒருவர் றொசல்லைக்கு ஏதோ வேலையாக வந்தவர் எங்கள் லயத்துக்கும் வந்தார். வாசலில் நின்றே பேசினார். பெற்றீசியா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் செம்பைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த ஆளை அன்றைக்கு நான் அடிக்காமல் விட்டதை இன்றைக்கு நினைத்தாலும் கை ஊறுகிறது.

கடிதம் அவள் பேருக்குத்தான் வந்திருந்தது. உடைத்தது நான். தப்புத்தான். "பள்ளிக்கூடம் விடுமுறை. வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் வருகிறேன். மூன்று மணி ரயிலில் திரும்ப வேண்டும். உன்னைப் பார்த்துவிட்டுப் போவதுதான். சாப்பாடு ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வரியை அவள் படிக்கக் கூடாது என்று கடிதத்தை மடித்துக் கூரைத் தகரத்தில் செருகிவிட்டேன். அவள் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடப்பாள், விடிந்ததும் அந்த வயிற்றோடு மலை ஏறுவாள். அதற்குப் பதில் நானே சமாளித்துக்கொள்ளலாம். அந்த வாத்தியாரை எப்படியாவது சாப்பிட வைத்துவிட்டால் போதும். பிள்ளை பிறக்கும்போது அதற்கு மாமன் என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும்.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. பெற்றீசியாவிடம் இடுப்புப் பிடிப்பு என்று சொன்னேன். அவள் மலை ஏறியதும் கோழிக் கூண்டைத் திறந்தேன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சேவல்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அது அம்மனுக்கு எங்கள் அப்பன் காலத்திலிருந்து வருகிற பழக்கம். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை பெற்றீசியா கருவாடு சுடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதோடு அவளும் விட்டுவிட்டாள். எனக்காக ஒரு வேதக்காரப் பொம்பளை வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறாள் பார் என்று நான் லயம் முழுக்கப் பீற்றியிருக்கிறேன். வேதக்காரர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தி நாற்பது நாள் தவக்காலம் உண்டு, அப்போது அவள் கறி தொடமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். ஈஸ்டர் முடிந்தே ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆகவே வருகிறவருக்கு ஒரு தடையும் இல்லை. தடை எனக்குத்தான். அம்மனிடம், "தாயே, இன்னைக்கு ஒரு நாளு கண்ண மூடிக்க" என்று சொல்லிவிட்டுச் சேவலைப் பிடித்தேன்.

காளியாயி அக்கா அன்றைக்குக் காய்ச்சலில் வீட்டில் கிடந்தாள். சேவல் கத்தியதும் போர்வையோடு வெளியே வந்துவிட்டாள்.

"அடப்பாவி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா உசுரு எடுக்கிறியே!"

"வேதக்கார மச்சான் வாறாருக்கா. அவங்களுக்கு ஏது வெள்ளி, செவ்வாய்?"

மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் அம்மியில் வைத்து அரைத்தேன். தேங்காய் பிழிந்தேன். வெங்காயத்தைக் கண்ணீரோடு வெட்டினேன். கோழி கொதித்து மணம் வந்தபோதுதான் விஷயம் உறைத்தது. உப்பு சரியா, காரம் சரியா என்று பார்க்க வாயில் வைக்க முடியாது. காளியாயி அக்காவுக்கும் வெள்ளிக்கிழமை. லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் ஒரு சொட்டுக் குழம்பை நக்கிப் பார்க்க ஆளில்லை. குத்துமதிப்பாக ஒரு கை உப்பைப் போட்டு மூடினேன்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார். இடுப்பில் வெள்ளைச் சாரம், மேலே கோட்டு, கையில் குடை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பெற்றீசியா இல்லையா?"

"கொழுந்து நிறுக்க எறங்குற நேரந்தாங்க. உள்ள வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் ஒரு பக்கம் மாரியம்மன், இன்னொரு பக்கம் அவள் கொண்டுவந்த மாதா படம். அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தால் தங்கச்சியும் அண்ணனும் அழுது முடிக்கவே நேரம் போய்விடும், அதற்கு முன் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம். பாயை விரித்து, தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, கோழியின் தொடையாகப் பார்த்து எடுத்து வைத்துவிட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார். கை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

அந்த மாமன் வானத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்க வீட்டுச் சோறு எறங்காதுங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பெற்றீசியா வாசலில் வந்து நின்றாள். தலையில் ஈரப் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. அண்ணனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு தட்டைப் பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"ஏங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்க."

"எனக்குத்தானே வெள்ளிக்கிழமை? நான் திங்கலையே!"

"எங்களுக்குந்தாங்க. ஏசு பாடுபட்ட நாளு. வருசம் பூரா எந்த வெள்ளிக்கிழமையும் நாங்க கறி தொடமாட்டோம்."

"நீ எனக்காகத்தானே விட்டே?"

"மீனு, கருவாடு எங்களுக்கு ஆகும், அத உங்களுக்காக விட்டேன். வெள்ளிக்கிழமையில கறிய நான் பொறந்ததுலேர்ந்தே தொட்டதில்ல." கூடையைக்கூட இறக்காமல் அப்படியே நிலையில் சாய்ந்தாள். "அண்ணன் வாறாங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா என்னங்க? ஒரு கீரையாச்சும் கடைஞ்சிருப்பேனே. ரெண்டு வருசமா இந்த ஒரு நாளுக்குத்தானே நான் காத்துக் கெடந்தேன்!"

கெடுத்தது நான். சாப்பிட மனமில்லாமல் வந்த ஆளுக்கு, சாப்பிடாமல் போக ஒரு நல்ல காரணத்தையும் நானே தேடிக் கொடுத்திருக்கிறேன். யாரும் குறை சொல்ல முடியாத காரணம். அவர் எழுந்து குடையை எடுத்தால் ஆயிற்று.

அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்களா ஆக்குனீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"உப்பு பாத்தீங்களா?"

"எப்படிங்க பாக்கிறது? எனக்கு வெள்ளிக்கிழமைன்னு இப்பத்தானே சொன்னேன்."

அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார். இறகைப் பொறுக்கிக் கட்டி வைத்திருந்த சாக்கைப் பார்த்தார். காலியாகத் திறந்து கிடந்த கோழிக் கூண்டைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். வாத்தியார் சிரித்தால் அப்படித்தான் இருக்கும்போல, சத்தமே வரவில்லை.

"நானும் திங்க முடியாது, ஆக்குன ஆளும் திங்க முடியாது. எங்க பள்ளிக்கூடத்துலகூட இப்படி ஒரு மண்டூகத்த நான் பாத்ததில்ல." கோட்டைக் கழற்றினார். "தங்கச்சி, கூடைய எறக்கு. வேற தட்டுல சோத்தப் போடு. கறி வேணாம், சோறு போதும்."

அவள் கூடையை இறக்கினாள். நான்தான் பானையை எடுத்து வந்தேன். அவள் அவசரமாகத் தேங்காய் துருவி, மிளகாய், வெங்காயம் வைத்து ஒரு சம்பல் இடித்தாள். அவர் செம்புத் தண்ணீரில் கை கழுவி, கண்ணை மூடிச் செபம் சொல்லி, சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். நானும் பெற்றீசியாவும் சாப்பிடாமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சோறு நல்ல பதமா இருக்கு" என்றார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

மலைக்கு ஏறச் சொல்லிக் கங்காணி கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பெற்றீசியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"வீட்டுல தூக்குச்சட்டி இருக்கா? இந்தக் கோழிய அதுல போட்டுக் குடு. ராத்திரிக்கு ஒரு கொதி வெச்சா நாளைக்கு வரைக்கும் தாங்கும். நாளைக்குச் சனிக்கிழமைதானே, அம்மாவும் நானும் சாப்பிடுறோம்."

"அம்மா சாப்பிடுமா அண்ணே?"

"நீ ஆக்கிக் குடுத்ததுன்னு சொன்னா சாப்பிடும். பெத்த வயிறு."

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷம் நான் நினைத்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆமாம் என்று சொல்லிவிடு, ஒரு பொய்தானே, உன் அம்மா உன் சோற்றையாவது தொடட்டும் என்றுதான் நினைத்தேன்.

"பொய் சொல்ல வேணாம் அண்ணே" என்றாள். "இவங்க ஆக்குனதுன்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமையில ருசிகூடப் பாக்காம நம்மளுக்காக ஆக்குனதுன்னு சொல்லுங்க. அப்படிச் சொல்லிக் குடுங்க. சாப்பிட்டா சாப்பிடட்டும், இல்லாட்டி நாய்க்கு ஊத்தட்டும்." சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் மலைப் பக்கம் போய்விட்டாள். கூடைக் கயிறு நெற்றியை அழுத்த, குனிந்து குனிந்து அவள் ஏறிப் போவதை அண்ணனும் நானும் வாசலில் நின்று பார்த்தோம்.

நானே தூக்குச்சட்டியைத் துணியில் கட்டி, றொசல்லை ஸ்டேசன் வரைக்கும் சுமந்துபோய் அவரை ரயில் ஏற்றினேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் வீட்டில் அதைப்பற்றி யாரும் பேசவில்லை. பெற்றீசியா போனாள், வந்தாள், தூங்கினாள். நான் சோறு ஆக்கினேன். நாய்க்கு ஊற்றியிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் சொல்லிவிட்டாய் என்று அவளைக் கேட்க வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இறங்கும்போது ஆபீசில் ஒரு தபால் அட்டை இருந்தது. இந்தத் தடவை என் பேருக்கு. 'திரு. செல்லசாமி அவர்கட்கு' என்று வாத்தியார் கையெழுத்து. என் பேரை அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

"அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை பகல் முழுவதும் சட்டியைத் திறக்கவில்லை. சாயங்காலம் தானே தட்டை எடுத்துவந்து சாப்பிட்டது. பிரசவத்துக்கு இரண்டு பேரையும் வரச் சொல்கிறது."

இரண்டு பேரையும் என்பதை நான் விரலை வைத்து மறுபடியும் மறுபடியும் படித்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த கணக்கப்பிள்ளை ஐயா, எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"என்னடா, ஆம்பளை இப்படி அழுகிற? யாரும் செத்துப் போயிட்டாங்களா?"

"இல்லைங்கய்யா" என்றேன். "எங்க மாமியா சாப்பிட்டுட்டாங்களாம்."