சமாதானச் சோடி

சித்திரை மாதம் பிறந்தால் சிலாவத்தையில் யூலிற்றாவுக்கு எரிச்சலும் கூடவே பிறந்துவிடும். வருசம் தவறாமல் யாராவது ஒரு பத்திரிகைக்காரர் படலையைத் தட்டுவார்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. 2002இல் சண்டை ஓய்ந்து, வருசக்கணக்காக மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் எடுத்தது. சனக்கூட்டத்தின் நடுவே ஒரு வாலிபன் நீலச் சட்டை போட்ட பெண்ணொருத்தியை இடுப்போடு தூக்கிச் சுற்றுகிறான். அவள் வாய் அகலத் திறந்திருக்கிறது, கை இரண்டும் ஆகாயத்தில். நாட்காட்டி, சுவரொட்டி எல்லாவற்றிலும் வந்தது. ‘சமாதானச் சோடி’ என்று யாரோ பெயரும் வைத்துவிட்டார்கள்.

யூலிற்றா அதில் சிரிக்கவே இல்லை. “இறக்கி விடடா எருமை!” என்று கத்திக்கொண்டிருந்தாள். வவுனியாவிலிருந்து வரும் மாமனைக் கூட்டிப்போக நின்றவளை முன்பின் தெரியாத ஒருவன் பின்னால் வந்து அள்ளித் தூக்கினால் வேறென்ன செய்வாள்? இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவன், பேயறைந்தவன்போலக் கூட்டத்துக்குள் மறைந்துபோனான். மூன்றாம் நாள் படம் பேப்பரில் வந்தது. அந்தக் கிழமைக்குள்ளேயே அவளுக்குப் பேசியிருந்த கலியாணம் குழம்பிப்போனது.

வந்தவர்கள் எல்லோரிடமும் இதைச் சொன்னாள். தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய், ‘ஆனந்தச் சிரிப்பு’ என்றே எழுதினார்கள்.

இந்த வருசம் வந்தவள் தேனுகா என்ற இளம் நிருபர். பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு மனிசன்.

“அன்ரி, இவர்தான் படத்திலை உங்களைத் தூக்கினவர். மயில்வாகனம். பூவரசங்குளத்திலை தேடிப் பிடிச்சனான். ரெண்டு பேரும் அதே மாதிரி ஒருக்கா நிண்டால்...”

“என்னைத் தூக்கப் போறாரோ? அந்த மனிசன்ரை நாரி எலும்பு முறியும், போ பிள்ளை!”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவன் ஸ்ரனிஸ்லஸ் சிரித்தான். யூலிற்றா அவனை முறைத்துவிட்டு மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினாள்.

“என்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டு இருபது வருசத்துக்கு மேலை எங்கையண்ணை ஒளிச்சிருந்தனீங்கள்?”

அந்த மனிசன் கதிரையில் இருக்கவில்லை. கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. நான் ராஜினி எண்டு நினைச்சிட்டன். என்ரை தங்கச்சி. ஏழு வருசமா அவள் வவுனியாவிலை, நான் கிளிநொச்சியிலை. நீலச் சட்டையோடை வருவன் எண்டு கடிதம் போட்டவள். பின்பக்கம் பார்த்தால் அவளேதான். வெக்கத்திலை ஓடிட்டன்.”

“பிறகு அவ வந்தவவோ?”

“பின்னேரம் வந்தவள். நான் உங்களைத் தூக்கின கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சவள். அதை ஒருத்தரும் படம் எடுக்கேல்லை.” அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். “எங்களோடையே இருந்திட்டவள், 2009 சண்டையிலை மாத்தளனிலை செல் விழுந்து போயிட்டாள். வீட்டிலையிருந்து கொண்டுபோன படங்களும் அங்கையே துலைஞ்சு போச்சுது. அவளைக் கண்ட நாள் எண்டு என்னட்டை மிஞ்சினது உங்கடை படம்தான்.”

யூலிற்றா குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

“உந்தக் கதையை அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே அண்ணை” என்றாள். குரலில் காரம் குறைந்திருந்தது. பிறகு தேனுகாவிடம், “ராஜினியின்ரை பேரை வடிவாய் எழுது. விளங்குதே?” என்றாள்.

“கட்டாயம் அன்ரி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் பேப்பர் வாங்கினாள். ‘மீண்டும் சந்தித்தது சமாதானச் சோடி!’ என்று கொட்டை எழுத்தில் கிடந்தது. தேத்தண்ணி குடிக்கும் படம் ஒன்று. ராஜினியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தேனுகாவுக்குப் போன் போட்டாள். “நான் எழுதிக் குடுத்தனான் அன்ரி. இடம் காணாது எண்டு மேலை இருக்கிறவை வெட்டிப்போட்டினம்.” மேலே இருக்கிற ஆசிரியரின் நம்பரை வாங்கினாள். அவருக்குத் திங்கள் எடுத்தாள், செவ்வாய் எடுத்தாள், புதன் இரண்டு தரம் எடுத்தாள். “உனக்கேனப்பா உந்த வேலை?” என்று ஸ்ரனிஸ்லஸ் கேட்டான். “என்ரை முகத்தை வைச்சுத்தானே இவ்வளவு பொய்யும் எழுதுறாங்கள்!” என்று சீறினாள்.

அடுத்த ஞாயிறு ஏழாம் பக்க மூலையில் நாலு வரித் திருத்தம் வந்தது. தூக்கியவர் தன் தங்கை என்று நினைத்தே தூக்கினார், தங்கையின் பெயர் ரஞ்சினி, என்று.

பத்து நிமிசம் கழியவில்லை, மயில்வாகனம் போன் எடுத்தார். “பேர் பிழைதான் தங்கச்சி, பரவாயில்லை. வெட்டி வைச்சிருக்கிறன்.”

“உங்களுக்குப் பரவாயில்லாமல் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பேப்பர்க்காரரின் நம்பரை மறுபடியும் அழுத்தினாள் யூலிற்றா.