மொட்டைமலையில் வீசிய வெள்ளைத் துணி

ரகுநாத் கத்தாரிலிருந்து முப்பது நாள் விடுப்பில் வந்தால், அதில் இருபது நாள் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று அடுத்தவர் வீட்டுப் பந்தலிலேயே போய்விடும். மிச்சம் இருக்கிற பத்து நாளைப் பல் டாக்டரும் ரேஷன் கார்டும் ரிப்பேரான மோட்டாரும் தின்றுவிடும். மலையேறி, ஏரியில் படகு விட்டு, கூடாரத்தில் தங்கி வருவோம் என்று மகள் இலக்கியாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் மூன்று விடுப்புகளாக அப்படியே கிடந்தது. இந்த முறை மனிதர் விடவில்லை. கொடைக்கானலில் ரூம் போட்டுவிட்டார். கயிறு, விசில், தூரத்தில் இருப்பதைப் பார்க்கும் பைனாகுலர் என்று ஒரு பை நிறைய வாங்கியும் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அவர் மனைவி சத்யாவுக்கு அவள் அண்ணன் ரத்தினவேலிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, வர்ற ஞாயித்துக்கெழம காலையில எட்டு மணிக்கு நம்மூர்ப் பெரியகொளத்துல மீன் பிடிக்கிறாங்க. துண்டு நம்மளுக்கு."

இவ்வளவுதான் சொன்னார். சத்யா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் துண்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கோடையில் குளத்துத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும், ஊரே ஒன்றாக இறங்கி மீன் பிடிக்கிற நாள் ஒன்று உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் வண்டி கட்டி வருவார்கள். யாரும் முன்கூட்டித் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. கரையோரத்தில், உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு மேட்டில் ஒருவர் ஏறி நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே வீசுவார். வீசின பிறகுதான் மீன். பிடித்ததை விற்கவும் கூடாது, வீட்டுச் சட்டிக்குத்தான். துண்டு வீசுகிற மரியாதை நான்கு குடும்பங்களுக்கு முறை வைத்துச் சுற்றி வரும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ரத்தினவேலின் முறை வந்தபோது குளத்தில் தண்ணீரே இல்லை, நாய் படுத்திருந்தது. அதனால் அவருக்கு இது எட்டு வருஷக் காத்திருப்பு.

இலுப்பூரில் புதுத்துண்டு எடுத்து, இரண்டு தடவை நீலம் போட்டு அலசி, தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தார். மொட்டை மாடியில் நின்று அவர் வீசிப் பழகுவதை அண்ணி மறைந்திருந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். வலப்பக்கமாக மூன்று சுற்று, இடப்பக்கமாக மூன்று சுற்று. பக்கத்து வீட்டுக் கோழிகள் கூடப் பயந்து ஓடின.

"ஏங்க, நான் போகாம இருக்க முடியாதுங்க" என்றாள் சத்யா.

செவ்வாய்க்கிழமை விமானம். கொடைக்கானலும் குளமும் ஒன்றாக நடக்காது. ரகுநாத் தாடையைச் சொறிந்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ஒங்க ஊர்லயே மொட்டைமலை இருக்கு. அடியில கொளம் இருக்கு. கொடைக்கானல்ல இதுக்கு மேல என்ன இருக்கு, குளுருதான? காலையில மலையேறுறோம், எட்டு மணிக்குக் கொளத்துல எறங்குறோம்."

"அப்பா, அது மாமா வீடு" என்றாள் பன்னிரண்டு வயது இலக்கியா. "மாமா வீட்டுக்குப் போறத யாரும் டூர்னு சொல்ல மாட்டாங்க."

"கயிறு எடுத்துட்டுப் போனா டூருதான் பாப்பா."

ஞாயிறு விடியும் முன்பே திருக்கோகர்ணத்திலிருந்து காரில் கிளம்பினார்கள். ஆறு மணிக்கெல்லாம் அண்ணன் வீட்டு வாசல். ரத்தினவேல் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். மலையேறப் போகிறோம் என்றதும் அவருக்கு முகம் சுருங்கியது.

"எட்டு மணி. எட்டுன்னா எட்டுதான், கோயில்ல வச்சுச் சொன்ன நேரம். ஏழரைக்கு நீ எம் பக்கத்துல நிக்கணும் சத்யா. வேற யாரும் பாக்கலன்னாலும் எனக்குக் கவலையில்ல."

"வந்துருவேண்ணே. நான் வராம நீ துண்ட எடுக்காத."

"மச்சான், நான் பொறுப்பு" என்றார் ரகுநாத்.

இதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மொட்டைமலை பேருக்கேற்ற மலை. ஒரு மரம் கிடையாது. குளத்துக்கு மேற்கே யானை படுத்திருக்கிற மாதிரி ஒரே கல்லாகக் கிடக்கும். ஏறுவது பெரிய காரியமில்லை, ஆனால் சத்யாவுக்கு உயரமென்றால் உள்ளங்கால் கூசும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஒரு தடவைகூட உச்சிக்குப் போனதில்லை. தோழிகள் ஏறும்போதெல்லாம் அடிவாரத்தில் செருப்புக்குக் காவல் இருந்தவள். இன்றைக்கு மகளுக்காக ஏறினாள். கையையும் ஊன்றி, முழங்காலையும் ஊன்றி, கீழே பார்க்காமல் ஏறினாள்.

"அம்மா, ஒன்ன விடப் பல்லி வேகமாப் போகும்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"பல்லிக்குச் சமைக்கிற வேலை இல்லடி."

பாதி மலையில் அவள் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். அப்பனும் மகளும் முன்னே போய்விட்டார்கள். அங்கே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு வழி வலப்பக்கமும் ஒரு வழி இடப்பக்கமும் போனது. எது சரியான வழி? போன் செய்து பார்த்தாள், டவர் இல்லை. "ஏங்க" என்று கூப்பிட்டாள். காற்று அதை வாங்கிக்கொண்டு எங்கோ போட்டுவிட்டது.

உச்சியில் ரகுநாத் பைனாகுலரில் அவளைப் பார்த்துவிட்டார். அவரும் கத்திப் பார்த்தார், விசில் ஊதிப் பார்த்தார். அவள் தலை நிமிரவேயில்லை. வெயிலுக்காக அவர் தலையில் கத்தார்க்காரர்கள் கட்டுகிற பெரிய வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்தார். இருப்பதிலேயே உயரமான கல்லில் ஏறி நின்று, தலைக்கு மேல் சுழற்றி, இங்கிட்டு வா, இங்கிட்டு வா என்று வலப்பக்கமாக வீசினார்.

சத்யா நிமிர்ந்தாள். நீல வானம், அதில் வெள்ளையாகப் படபடக்கிற துணி, அதன் கீழே தன் மனுஷன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவளும் கையை ஆட்டினாள்.

ஆட்டின கை அப்படியே நின்றது.

கீழேயிருந்து ஓவென்று ஓர் இரைச்சல் எழுந்தது. அதை அவள் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் தண்ணீரில் விழுகிற இரைச்சல் அது. உள்ளங்கால் கூச, கழுத்தை மெல்லத் திருப்பிக் கீழே பார்த்தாள். குளத்தின் தெற்குப் பக்கம் வெளியூர்க்காரர்கள் நிறைந்திருந்த இடம். அங்கேயிருந்து கலுங்கு மேடு தெரியாது, நடுவில் கருவேலமரங்கள். மொட்டைமலை மட்டும் நன்றாகத் தெரியும். உயரத்தில் யாரோ வெள்ளைத் துணி வீசினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். வலையும் கூடையுமாக அத்தனை பேரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள்.

மணி ஏழு இருபது.

இந்நேரம் அண்ணன் கலுங்கு மேட்டில் இஸ்திரி மடிப்புக் கலையாத துண்டோடு நிற்பார். எட்டு வருஷம் காத்திருந்தவர். அடுத்த முறை வருவதற்கு இன்னும் நான்கு வருஷம், அதுவும் மழை பெய்தால். போன் செய்யலாமென்றால் டவர் இல்லை. டவர் இருந்தாலும் தண்ணீரில் இறங்குகிற அன்று அண்ணன் போனை வீட்டில்தான் வைத்துவிட்டு வருவார்.

வந்த வழியே இறங்கினால் அரைமணி நேரம். ஆனால் அவள் நின்ற இடத்துக்கு இடது கைப்பக்கம் சறுக்குப்பாறை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் சறுக்கி மொழுமொழுவென்று ஆக்கி வைத்த பாறை. அடியில் மணல். சத்யா மட்டும் சறுக்காத பாறை.

அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, "மாரியாத்தா, அண்ணனுக்காகத்தான்" என்றாள். கையை எடுத்துவிட்டாள்.

சர்ரென்று போனது. நடுவில் ஒரு திருகு திருகி, பின்பக்கமாகத் திரும்பி, உச்சியில் வாயைப் பிளந்து நிற்கும் கணவனுக்கும் மகளுக்கும் முகத்தைக் காட்டியபடியே, மூடின கண்ணோடு பாதி தூரம் இறங்கினாள். சுடிதார் கிழிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. மணலில் போய் விழுந்தாள். கை கால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எழுந்து ஓடினாள்.

கரையில் உள்ளூர்ச் சனம் கொதித்துக்கொண்டிருந்தது. தெற்கே மீன் துள்ளுவது கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே துண்டு எழவில்லை.

"என்னப்பா ரத்தினவேலு, துண்டுக்கு இஸ்திரி இன்னும் முடியலையா?" என்றார் ஒருவர்.

"அங்க வெராலெல்லாம் வேத்தூர்க்காரன் கூடைக்குப் போகுது, நீ போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற" என்றார் இன்னொருவர்.

ரத்தினவேல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். சத்யா மூச்சிரைக்க மேட்டில் ஏறிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, வீசு."

"இன்னும் எட்டு ஆகல." தெற்கே கையைக் காட்டினார். "ஆனாலும் இனிமே யாருக்கு வீசுறது? எவனோ ஒருத்தன் வீசிட்டான், எல்லாம் எறங்கிருச்சு."

"எல்லாரும் எறங்கல. இங்கிட்டுப் பாரு."

கரை நெடுக அவர் ஊர்க்காரர்கள் நின்றார்கள். முணுமுணுத்தார்கள், அவரைத் திட்டினார்கள், தெற்கே எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் கால்கூடத் தண்ணீரில் இல்லை. முன்வரிசையில் டீக்கடை செங்கமலம் மூங்கில் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முண்டுகிற இளவட்டங்களை முழங்கையால் தடுத்துக்கொண்டிருந்தாள்.

"எவனும் எறங்கக் கூடாது சொல்லிட்டேன். துண்டு யாரு மொறையோ அவரு வீசட்டும். மீனு எங்க ஓடிப் போகுது, கொளத்துலதான கெடக்கும்" என்றாள்.

ரத்தினவேல் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒனக்காகத்தாண்ணே நிக்கிறாங்க" என்றாள் சத்யா. "இன்னும் கொஞ்சம் விட்டா இங்கிட்டு ஆளும் அங்கிட்டு ஆளும் அடிச்சுக்குவாங்க."

"மலையில வீசுனது யாரு? அது தெரியாம நான் வீச மாட்டேன்."

"ஒன் மாப்பிள்ளைதான்."

"யாரு, ரகுநாத்தா?"

"ம்."

"எதுக்கு?"

"என்னயக் கூப்பிட. நான் வழி தெரியாம நின்னேன்."

ரத்தினவேல் மொட்டைமலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். மணல் ஒட்டின முகம், சிராய்த்த முழங்கை, கிழிந்த சுடிதார்.

"நீ எப்படி அதுக்குள்ள இங்க வந்த?"

"சறுக்குப்பாறையில."

"நீயா?"

"நானேதான். பேசிக்கிட்டே நிக்காதண்ணே."

அவர் மீசைக்குக் கீழே என்னவோ அசைந்தது. துண்டைத் தோளிலிருந்து எடுத்து உதறினார்.

"நல்லா வீசுனாரா?" என்று கேட்டார்.

"ஒன்ன மாதிரி இல்ல."

அவர் மேட்டின் உச்சிக்கல்லில் ஏறினார். வலப்பக்கமாக மூன்று சுற்று, இடப்பக்கமாக மூன்று சுற்று. நீலம் போட்ட துண்டு காலை வெயிலில் பளீரென்று பறந்தது. கரை முழுவதும் ஒரு குரலாக எழுந்து குளத்தில் இறங்கியது. தண்ணீர் சேறாகிக் கெண்டையும் கெளுத்தியும் கால்களுக்கு நடுவில் குதித்தன. தெற்கே இறங்கியிருந்தவர்கள்கூட நிமிர்ந்து, இப்போதுதான் துண்டு வீசுகிறார்களா என்று புரியாமல் பார்த்து, ஒரு தடவை கரையேறி மறுபடி இறங்கினார்கள். அவர்களும் முறை தெரிந்தவர்கள்தான். சத்யா கலுங்கு மேட்டில், அண்ணன் சொன்ன அதே இடத்தில், அவர் பக்கத்திலேயே நின்றாள்.

ரகுநாத் வந்து சேர எட்டு மணி ஆகிவிட்டது. நேராக மச்சானிடம் போய், "தப்பு என்னுதுதான் மச்சான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். செங்கமலம்தான் ஆரம்பித்தாள்.

"பொண்டாட்டியக் கூப்பிட ஊரையே கொளத்துல எறக்கிட்டாரு. நம்ம வீட்டாளுக ஒரு மிஸ்டுகாலோட சரி."

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. வலை இல்லாமல் வந்த ரகுநாத்துக்கு அந்தத் தலைத்துணியே வலையாயிற்று. ஒரு முனையை அவரும் மறுமுனையை இலக்கியாவும் பிடித்துக்கொண்டு குளத்தைச் சலித்தார்கள். நான்கு கெண்டையும் யாருடைய செருப்போ ஒன்றும் கிடைத்தன. இலக்கியா சேற்றில் விழுந்து எழுந்து, பல் மட்டும் வெள்ளையாகச் சிரித்தாள்.

மத்தியானம் அண்ணி வைத்த குழம்பில் எல்லோரும் வியர்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இலக்கியா முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்தப் பாறையில மறுபடியும் சறுக்குவியா?"

"போடி. பின்னாடியெல்லாம் எரியுது."

"கண்ணத் தொறந்துக்கிட்டா?"

சத்யா ஒரு வாய் சோறு உருட்டினாள். கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்கினோம் என்பது இப்போது அவளுக்கே ஒரு குறையாகத் தோன்றியது. "அண்ணி, பழைய சாக்கு ஏதும் இருக்கா?" என்றாள்.

நாலு மணிக்கு, வெயில் தாழ, ஆளுக்கொரு சாக்கோடு மலையடிவாரத்தில் நின்றார்கள். ரத்தினவேலும் வந்திருந்தார். சத்யாதான் முன்னால் ஏறினாள். ரகுநாத் இரண்டாவதாகக் கால் வைக்கப் போனார். ரத்தினவேல் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"மாப்ளே, அந்தத் தலைத்துணிய இங்கிட்டுக் குடுத்துட்டு ஏறுங்க."

ரகுநாத் அவிழ்த்துக் கொடுத்தார்.

"கர்சீப்பு இருந்தா அதையும்."