செத்தவீட்டு மரியாதை

வீரகத்தியைப் பந்தலில் கிடத்தித் தலைமாட்டில் விளக்கும் ஏற்றியாயிற்று. உருத்திரபுரத்துப் பெண்கள் வாய்க்கால் கரையால் அழுதபடி வந்துகொண்டிருந்தார்கள். பெண்சாதி விமலேஸ்வரி மட்டும் அவன் பக்கத்தில் இல்லை. குசினி வாசலில், சேலைத் தலைப்பால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு தனியே குந்தியிருந்தாள். காலையிலிருந்து அழுகை வருமென்று பார்த்திருந்தாள். வரவில்லை. ஒன்றும் நோகவுமில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

செத்தவீட்டுக்கு வருகிற பெண், செத்தவரின் உரித்துக்காரியின் கழுத்தைக் கட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்து அழவேண்டும். அதுதான் மரியாதை. யார் கட்டியழுதது, யார் சும்மா மூக்கைச் சிந்திவிட்டுப் போனது என்று ஊர் வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கும். பக்கத்துக் காணி இலட்சுமி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். விமலேஸ்வரி கையை நீட்டி மறித்தாள்.

"கிட்ட வராதேங்கோ. எனக்குத் தடிமன் காய்ச்சல்."

இலட்சுமியின் அழுகை அரைவாசியில் நின்றுபோயிற்று. விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் தன் கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டாள்.

வீரகத்தியின் தமக்கை ஜெகதீஸ்வரிக்கு முகம் கறுத்துவிட்டது. "செத்தவீட்டில காய்ச்சல் பாக்கிற ஆளை இண்டைக்குத்தான் கண்டன். என்ர தம்பிக்கு அழ மனமில்லையெண்டால் அதைச் சொல்லு."

விமலேஸ்வரி தலைப்பை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.  இந்த ஐம்பத்தேழாம் ஆண்டு நாடு முழுவதும் பரவிய காய்ச்சல், இரண்டு கிழமைக்கு முந்தி அடுத்த வாய்க்கால் கரையிலிருந்த இளையதம்பியைக் கொண்டுபோனபோது, இவளும் போய் அவன் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த மனுசி இவள் முகத்திலேயே இருமி இருமி அழுதாள். இவள் பிடியை விடவில்லை. விட்டால் மரியாதையில்லையே. இருமல் இவளோடு வீட்டுக்கு வந்தது. ஒரே பாயில் படுத்ததில், ஒரே செம்பில் தண்ணி குடித்ததில் புருசனுக்கும் தொற்றியது. இவள் இருமலோடு தப்பிக்கொண்டாள். அவனுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமும்போது வாயைப் பொத்து, செம்பை வேறாக வை, ஆட்களைக் கட்டிப்பிடியாதே என்று ஆசுபத்திரி அப்போதிக்கரி ஐயா சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான். நல்ல மனிதர், கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

ஒரு நம்பிக்கை மட்டும் மிச்சமிருந்தது. தங்கச்சி வந்தால், அவள் கட்டிப்பிடித்தால் அழுகை வரும். கூடப்பிறந்தவள் என்று இவளுக்கு உள்ளது அவள் ஒருத்திதான்.

வெயில் ஏறிய பிறகு, புதுக்குடியிருப்பிலிருந்து பஸ்ஸில் இரஞ்சிதம் வந்து சேர்ந்தாள். வேலிப் படலையடியிலேயே குளறி அழத் தொடங்கிவிட்டாள். இடுப்பில் குழந்தை. இன்னும் தவழக்கூடத் தெரியாத பச்சைப்பிள்ளை, விரலைச் சூப்பியபடி பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

"அக்கா!"

"நில்லடி, அங்கேயே நில்."

இரஞ்சிதம் முற்றத்து நடுவில் நின்றுவிட்டாள். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"என்னையும் வேண்டாமோ, அக்கா?"

"எனக்கு உன்னைத்தான் வேணும்," என்றாள் விமலேஸ்வரி. "அதுதான் வராதை. இந்தக் காய்ச்சலை நான் கட்டியழுதுதான் வீட்டுக்குக் கொண்டந்தனான். நீ பிள்ளைக்குக் கொண்டுபோகாதை."

 ஜெகதீஸ்வரி தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைமாட்டு விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். இரஞ்சிதம் நின்ற இடத்திலேயே, வெயிலுக்குள் குந்தினாள். அக்காளைப்போலவே தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பின்னால் வந்த பெண்களும் என்ன நினைத்தார்களோ, அவளோடு அங்கேயே இருந்துவிட்டார்கள்.

பிரேதத்தைத் தூக்கும்போது பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறினார்கள். விமலேஸ்வரி எழும்பினாள். கிட்ட நின்றது குசினிக் கூரையைத் தாங்கிய மரக் கப்பு ஒன்றுதான். குடியேற்றத்தில் காணி கிடைத்த வருசம் வீரகத்தி பாலைமரம் தறித்து நட்ட கப்பு. அதை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்தாள்.

அழுகை வரவில்லை. இருமல்தான் வந்தது.

இருமி முடிந்து நிமிர்ந்தபோது படலை வெறுமையாக இருந்தது. கப்பில் தன் வாய் பட்டு நனைந்த இடத்தைப் பார்த்தாள். குசினிக்குள் போய்ச் சாம்பலும் தண்ணீரும் எடுத்துவந்து தேய்த்துக் கழுவினாள். தங்கச்சியின் பிள்ளை ஒருநாள் அதைப் பிடித்துத்தான் எழும்பி நிற்கும்.